கையுறையும் ஒரு வசவும்

எல்ராய் பெஷ் பால் லாரி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு வந்து சீஸ் ஆலையில் இறக்குவான். அது வயிற்றுக்காக. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் செயின்ட் ஓடில் ஊர் பேஸ்பால் அணியின் கேட்சராக, போடுகிற பந்தைப் பிடிக்க, மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். அது எதற்காக என்று கேட்டால் பதில் வராது. கல்லுளிமங்கன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்ததில், அவன் எழுந்தால் இரண்டு முழங்காலும் காய்ந்த சுள்ளி மாதிரி முறியும். மைதானத்தில் நான் பீர் விற்கிற கடை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும் என்பேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ரொம்ப இல்லை.

அவன் பெண்டாட்டி வெரீனா என் தங்கை. அவனுக்குக் கொடுக்காமல் விட்ட பேச்சை எல்லாம் ஆண்டவன் இவள் வாயில் போட்டு வைத்திருந்தான். அக்கா தங்கை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து ஊரான ஹோல்ட்மனில் பிறந்து, பிறகு இந்த ஊருக்கு வந்தவர்கள். ஹோல்ட்மனுக்கும் செயின்ட் ஓடிலுக்கும் பேஸ்பால் என்று வந்துவிட்டால் கீரியும் பாம்பும்தான். மின்னசோட்டாவில் இருக்கிற மற்ற ஊர்களிடம் எல்லாம் தோற்கலாம், அந்த ஒரு ஊரிடம் தோற்கக் கூடாது.

வெரீனாவுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது ஹோல்ட்மன் மைதானத்தில் ஒரு ஆட்டம். எங்கள் ஹோல்ட்மன் பையன் ஒருவன் புழுதி பறக்கச் சறுக்கிக்கொண்டு ஓட்டத்தை முடிக்க வந்தான். செயின்ட் ஓடில் கேட்சர், அவன் எல்லையை எட்டும் முன்பே பந்தோடு அவன் காலைத் தொட்டான், அப்படித் தொட்டால் அவுட். எங்கள் பையன் தப்பித்துவிட்டான் என்று அம்பயர் ஹ்யூபர்ட் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஊரே கார் ஹாரனை அழுத்திக் கொண்டாடுகிறது. அந்தச் சத்தம் அடங்கிய நேரத்தில் என் தங்கை அப்பாவின் கார் மூக்கின் மேல் ஏறி நின்று, "ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா? அவன் தொட்டது தெரியல?" என்று கத்தினாள். தீர்ப்பு எங்களுக்குச் சாதகமானது! அப்பா தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் அந்த எதிரணி கேட்சர் எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காது வரைக்கும் சிவந்திருந்தது. ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "தொட்டேன்," என்றான்.

"தெரியும்," என்றாள் வெரீனா.

அவர்கள் காதல் பேசியது அவ்வளவுதான். மறு வருஷம் கல்யாணம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹ்யூபர்ட்டுக்கு அந்த வசவு கிடைத்தது. அவள் ஊர் பார்த்துத் திட்டமாட்டாள், தீர்ப்பு பார்த்துத்தான் திட்டுவாள். புருஷனுக்குச் சாதகமாகத் தப்புச் சொன்னாலும் அதே வசவுதான். ஹ்யூபர்ட் டிராக்டர் பழுது பார்க்கிறவர், தடித்த தோல். என் கடைக்கு வந்தால், "இன்னைக்கு உன் தங்கச்சிகிட்ட மூணுதான் வாங்கினேன் ஆர்டிஸ், நல்லாத்தான் பாத்திருக்கேன் போல," என்பார்.

போன ஆகஸ்டில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அவள் வரவில்லை. வெள்ளரிக்காய் கூடை கூடையாக வந்து கிடந்தது. ஊறுகாய் போடுகிற வேலை யாருக்காகவும் காத்திருக்காது. எல்ராய் ஆட்டம் முடிந்து, பையன்களோடு ஒரு பீர் குடித்துவிட்டு, பொழுது சாயும்போது வீட்டுக்குப் போனான். சமையலறைத் தரையில் வினிகர் கொட்டிக் கிடந்தது. அதற்கு நடுவில் வெரீனா கிடந்தாள். விழுந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒருநாள் நான் அவர்கள் வீட்டைப் பெருக்கப் போனேன். வீடெல்லாம் தோல் கருகிய நாற்றம். விறகு அடுப்பைத் திறந்து பார்த்தேன். எல்ராயின் பழைய கேட்சர் கையுறை பாதி எரிந்து கிடந்தது. கையுறை என்ன பாவம் செய்தது? சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு வந்தேன்.

வெரீனா வீட்டுக்கு வந்தபோது வலது கால் இழுத்தது. வலது கை மார்போடு மடங்கி, விரல்கள் முட்டியாக மூடிக்கொண்டிருந்தன. பேச்சு போய்விட்டது. எல்லாம் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. என்ன மிஞ்சியது என்று நினைக்கிறீர்கள்? புருஷன் பெயரா, பரமண்டல ஜெபமா? இல்லை. "ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?" காப்பி வேண்டும் என்றாலும் அதுதான், ஜன்னலைச் சாத்து என்றாலும் அதுதான். நற்கருணை கொண்டுவந்த பாதிரியார் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று அப்பத்தை நீட்டினார். இவள் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு, "ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள். அவர் ஒரு நொடி யோசித்து, "ஆமென்," என்றார். நல்ல மனுஷன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "ரொம்ப நாள் பழகின வசவு, பாட்டு, இதெல்லாம் சில பேருக்கு அப்படியே நின்னுடும். அவங்க சொல்ல நினைக்கிறது வேற, வாயில வர்றது இது. அர்த்தம் எடுத்துக்காதீங்க."

நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் எனக்கு அந்த ஒரு வரியிலேயே அகராதி தெரிந்துவிட்டது. தாழ்த்திச் சொன்னால் காப்பி. கடைசியில் இழுத்தால் கழிப்பறை. வேகமாகச் சொன்னால், "ஆர்டிஸ், வாயை மூடு." எல்ராய்க்கு மட்டும் அது ஏறவில்லை. அவள் வாயைத் திறந்தாலே கன்னத்தில் அறை வாங்கியவன் மாதிரி ஆகிவிடுவான்.

ஏன் என்று பனிக்காலத்தில்தான் தெரிந்தது. வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"அவ சரியாத்தான் சொல்றா ஆர்டிஸ்."

"என்னத்த?"

"எனக்குக் கண்ணு அவிஞ்சுதான் போச்சு. அன்னைக்குக் காலையிலயே கை மரத்துப் போகுதுன்னா. ஊறுகா வேலையில அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டு ஆடப் போயிட்டேன்."

"அட மக்கு! அவ காப்பி கேக்குறாடா உன்கிட்ட!"

அவன் மறுபடி பனியை வாரத் தொடங்கினான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

இந்த வருஷம் பருவம் தொடங்கியபோது அவன் மைதானத்துப் பக்கம் போகவில்லை. லாரி, வீடு, லாரி, வீடு. அவன் லாரியில் இருக்கும் நேரத்தில் நான் அவளோடு இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் மைதானத்துக் கார் ஹாரன்கள் கேட்கும். அவள் ஜன்னலைப் பார்ப்பாள், அவனைப் பார்ப்பாள், அந்த ஒரு வரியைச் சொல்வாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். போயேன்டா என்கிறாள் என்று எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை, நான் சொன்னால் அவன் நம்பவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை லியாண்டர் வந்தான். ரொட்டிக் கடைக்காரன், எங்கள் அணியின் பிட்சர். அவன் கையிலிருந்து பந்து துப்பாக்கிக் குண்டாகப் போகும், எங்கே போகும் என்பதுதான் அவனுக்கும் தெரியாது. எல்ராய் எதிரில் உட்கார்ந்தால் மட்டும் ஒழுங்காகப் போடுவான். அக்குளில் ஒரு புத்தம் புதுக் கேட்சர் கையுறையை இடுக்கியிருந்தான்.

"பெருசு, நம்ம கேட்சர் கட்டை விரலை ஒடச்சுக்கிட்டான். ஞாயித்துக்கிழமை ஹோல்ட்மனோட ஆட்டம். தோத்தா இந்த வருஷம் முடிஞ்சுது."

"வேற ஆளப் பாரு," என்றான் எல்ராய்.

"வேற ஆளா? நான் போடுற பந்தப் பிடிக்க எவன்டா குந்துவான்? பசங்க எல்லாரும் சேர்ந்து உனக்குன்னு வாங்கினது பெருசு. கைய விட்டுப் பாரேன்."

எல்ராய் கையை விட்டுப் பார்த்தான். பழக்க தோஷம். மூடப் பார்த்தான், மூடவில்லை. வட்டமான தோல் மெத்தை, பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. புதுக் கையுறைக்கு அதுதான் குணம். ஒரு கோடைக்காலம் முழுக்கப் பந்து வாங்கினால்தான் அது மசியும். மசியாத கையுறையில் விழுந்த பந்து சுவரில் பட்டது மாதிரி வெளியே துள்ளிவிடும்.

"இது ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகாது. எனக்கும் ஆகாது. அவள விட்டுட்டு நான் எங்கயும் வரல." கையுறையைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டு, லாரியைக் கழுவப் போய்விட்டான்.

வெரீனா அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்ராய் பால் ஏற்றப் போயிருந்த நேரத்தில், லியாண்டர் கடையைச் சாத்திவிட்டு மறுபடி வந்துவிட்டான். ஊரெல்லாம் விசாரித்திருக்கிறான். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முகச்சவர நுரையைப் பூசி வை. நடுவில் ஒரு பந்தை வைத்துக் கட்டி மெத்தைக்கு அடியில் போட்டுப் படு. வெந்நீரில் முக்கு. டிரக் சக்கரத்துக்கு அடியில் போட்டு முன்னும் பின்னும் ஓட்டு. ஹ்யூபர்ட்கூட ஒரு யோசனை சொன்னாராம். நடுவருக்கு இதில் என்ன வேலை என்று நான் கேட்டேன்.

"மசிஞ்ச கையுறையக் கண்ணுல பாத்தாத்தான் பெருசு மனசு மாறும் ஆர்டிஸக்கா. வேகமா மசியணும்னா சூடு வேணும். கல்லு மாதிரி இருக்குற மாவையே பஞ்சா ஆக்குறவன் நான். இந்தத் தோல் எனக்கு எம்மாத்திரம்?"

"ரொட்டி வெந்தா கெட்டியாத்தான்டா ஆவும்."

"அது மேல்தோலு. உள்ள மெத்துன்னு இருக்கும்ல?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கையுறையில் எண்ணெயைத் தடவி, தட்டில் வைத்து, வெரீனாவின் அடுப்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டான். நான் தடுத்திருக்கலாம். நிஜமாகவே மசியுமோ என்று எனக்கும் ஒரு சபலம். இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டு ஹோல்ட்மன்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்போது நாற்றம் கிளம்பியது.

நாங்கள் திரும்புவதற்குள் வெரீனா எழுந்துவிட்டாள். அவள் ஊன்றி நடக்கிற நடைச்சட்டம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. மேசை விளிம்பைப் பிடித்தாள், அலமாரியைப் பிடித்தாள், காலை இழுத்துக்கொண்டு அடுப்பு வரைக்கும் தானே போய்விட்டாள். இடது கையால் கதவைத் திறந்து, பாத்திரத் துணியால் தட்டை இழுத்தாள். அதே துணியால் லியாண்டர் முதுகில் ஒன்று வைத்தாள், என் முதுகிலும் ஒன்று. அந்த வசவைக்கூட எங்களுக்குக் கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம்.

"நடந்துட்டா!" என்றான் லியாண்டர்.

"நடந்ததப் பாரு, நீ கருக்கினதப் பாக்காத," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கையுறையின் ஓரம் லேசாகத்தான் கருகியிருந்தது, ஆனால் முன்பைவிட விறைத்துவிட்டது. வெரீனா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வாசல் அலமாரியைத் தாடையால் காட்டி, "ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள். நான் சோப்பைக் கொண்டுவந்தேன். "ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?" துணியைக் கொண்டுவந்தேன். வசவு வேகமானது. கடைசியில் அந்த அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் கூடையில் அள்ளிவந்து அவள் முன்னால் கொட்டினேன். பசு மடியில் வெடிப்பு வந்தால் பூசுகிற களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டாள். நாங்கள் பால் கறந்து வளர்ந்தவர்கள். விறைத்ததை எதைப் போட்டு இளக்குவது என்று எங்கள் அம்மா வீட்டில் இன்னொருவரைக் கேட்டதில்லை. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

டப்பாவைக் கண்டால் விடமாட்டேன் என்று பாய்ந்த லியாண்டரைத் தள்ளி உட்காரச் சொன்னேன். அவள் இடது கை விரலால் கொஞ்சமாக எடுத்தாள், மடிப்பு விழ வேண்டிய இடத்தில் மட்டும் தடவினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். மார்போடு மடங்கிக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, கையுறையின் நடுவில் பொத்தென்று போட்டாள். மறுபடி தூக்கினாள், மறுபடி போட்டாள். இத்தனை மாதமாக எதற்கும் உதவாமல் மூடிக்கிடந்த முட்டி. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சுத்தியல் உண்டா? கையைத் திறந்து மூடப் பயிற்சி செய் என்று ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை மூன்று தடவை என் தலையில் எறிந்தவள் இவள்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அவள் அன்று பூராவும் அடித்தாள். அடுத்த நாளும் அடித்தாள். முதலில் இடது கை தூக்கிப்போட்டது, பிறகு வலது தோளே கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டத் தொடங்கியது. அடித்து ஓய்ந்தால் கையுறையை மடித்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். என் தங்கை கொஞ்சம் பருத்தவள், அதுவும் உதவியது.

அவள் அடிக்கத் தொடங்கிய அந்தப் புதன் மாலை எல்ராய் வீட்டுக்கு வந்தபோது அவள் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் கையுறையை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. "ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவன் முகம் செத்துவிட்டது. திரும்பி லாரிக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்டா, அவ என்ன சொல்றான்னு நிஜமாவே தெரியலையா உனக்கு? நீ போய் ஆடுன்னு சொல்றா!"

"அப்படியா சொன்னா?"

"வேற எப்படிடா சொல்லுவா? இருக்குறது ஒரு வரி!"

"அந்த ஒரு வரி ஏன் ஆர்டிஸ் அதுவா இருக்கணும்? என்னப் பாத்ததும் அதுதான் வருது. இன்னைக்குக் கையுறையையும் நீட்டிக்கிட்டே சொல்றா. அன்னைக்கு இது மாதிரி ஒண்ணத்தானே மாட்டிக்கிட்டுப் போனேன்."

திரும்பிப் பார்த்தால் சமையலறை ஜன்னலில் வெரீனா. சிரிப்பு போய்விட்டது. ஆனால் தோள் ஆடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை நான் போனபோது கையுறை மேசை மேல் இருந்தது. எல்ராய் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தான். வெரீனா தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதையோ திருடப் போனவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

"மாட்டிப் பாரு. அது கடிக்காது."

மாட்டினான். மூடினான். மூடிக்கொண்டது. முழுசாக இல்லை. பாதி வெந்த கிழங்கு மாதிரி நடுவில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஆனால் மூடியது. உள்பக்கம் குழியின் நடுவில், தோலில், அவள் முட்டியின் நாலு கணுவும் பதிந்திருந்தன. அவன் அதைத் தடவிப் பார்த்தான், ரொம்ப நேரம்.

"அவள யாரு பாத்துக்குவா?" என்றான் கடைசியில்.

"கூட்டிட்டு வாடா. உங்க வீட்டுச் சின்ன டிரக்குல உக்காந்து பாக்கட்டும். ஊர்ல பாதி சனம் அப்படித்தானே பாக்குது?"

"கூட்டத்துல வச்சு அவ எல்லாரையும் அப்படியே சொல்லிக்கிட்டு இருந்தா? யாராவது சிரிச்சா?"

"சிரிச்சா அவனுக்கு என் கடையில பீர் கிடையாது."

அவன் கையுறையைக் கழற்றி மேசை மேலேயே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவளை வீட்டு வாசலில் இறக்குவதற்காக டிரக்கைச் சுற்றி வந்து கதவைத் திறந்தான். அவள் இறங்க மறுத்துவிட்டாள். மடியில் கைப்பையைப் பிரித்தாள். பைக்குள் கையுறை இருந்தது. பூசைக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

கேட்சருக்குப் பின்னால் கட்டியிருக்கிற தடுப்பு வலையை ஒட்டி, முதல் வரிசையில், டிரக்கை நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். ஹ்யூபர்ட் தன் முகமூடியைத் துடைத்துக்கொண்டே டிரக்கின் பக்கம் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். வெரீனா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். தனக்கு என்ன வரும் என்று அவளுக்கும் தெரியும்தானே. புருஷனைக் கூச்சப்படுத்தக் கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எல்ராய் குத்துக்காலிட்டான். முழங்கால் சுள்ளி மாதிரிச் சத்தம் போட்டது. தொடக்கத்திலேயே லியாண்டரின் ஒரு பந்து கையுறையின் அந்தப் பிடிவாதத்தில் பட்டுத் துள்ளி ஓடிவிட்டது, ஹோல்ட்மனுக்கு ஒரு ஓட்டம். எங்கள் பக்கம் ஒரு ஹாரனும் இல்லை. எல்ராய் கையுறையைக் கழற்றி, குழியில் பதிந்திருந்த அந்த நாலு கணுவின் மேல் தன் முட்டியை வைத்துக் குத்தினான். அதற்குப் பிறகு ஒன்றும் துள்ளவில்லை. ஆட்டம் போகப் போகத் தோல் சூடேறி இளகியது. பந்து விழும்போது முதலில் தொப்பென்று கேட்டது, போகப் போக அந்தப் பழைய சத்தம் வந்தது, பட்டாசு மாதிரி பளீரென்று. ஒவ்வொரு தடவை அது கேட்டபோதும் டிரக்கில் வெரீனாவின் தலை லேசாக ஆடியது. வாய் திறக்கவில்லை.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரே ஓட்டம் முன்னால். ஹோல்ட்மனுக்கு மிச்சம் ஒரே ஆள், ஆனால் ஓடி வருகிற வழியின் மூன்று தங்குமிடத்திலும் அவர்கள் பையன்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். லியாண்டர் அடுத்ததை அடிக்கிற எல்லைக்குள் போட்டு மட்டைக்காரன் விட்டுவிட்டால் அது ஸ்ட்ரைக், ஜெயித்தோம்; எல்லைக்கு வெளியே போட்டால் அவர்களுக்கு இலவசமாக ஒரு ஓட்டம், சமன். நான் பீரை யார் கையில் கொடுத்தேன் என்றே தெரியவில்லை.

லியாண்டர் போட்டான். வெளியே போனது. என் கடையிலிருந்தே தெரிந்தது, நன்றாக ஒரு கை அகலம் வெளியே. மட்டைக்காரன் அசையவில்லை. எல்ராயின் கையுறை அந்தப் பந்தின் மேல் சத்தமில்லாமல் மூடி, மூடும்போதே மெல்ல எல்லைக்குள்ளே நகர்ந்து, அங்கேதான் எப்போதும் இருந்தது போல நின்றது. பலகை மாதிரிக் கையுறையில் அது நடக்காது. ஹ்யூபர்ட் ஒரு கணம் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். ஸ்ட்ரைக்!

ஊர் ஹாரன் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. பையன்கள் லியாண்டர் மேல் விழுந்தார்கள். ஹோல்ட்மன்காரர்கள் மண்ணை உதைத்தார்கள். ஹாரன்கள் ஓய்ந்து மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில், வலைக்குப் பின்னாலிருந்து வந்தது, பழைய தொண்டையோடு, மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும்.

"ஏன்டா! கண்ணு அவிஞ்சு போச்சா?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். வெரீனா ஜன்னலுக்கு வெளியே பாதி வந்திருந்தாள். அவள் கண் ஹ்யூபர்ட் மேலிருந்து நகரவில்லை. அந்த வலது கை, விரல்கள் பாதி மடங்கி, பாதி திறந்து, நேராக அவரைக் காட்டியது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் சொல்ல நினைத்ததும் அவள் வாயில் வந்ததும் ஒன்றாகவே இருந்தது அப்போதுதான்.

ஹ்யூபர்ட் முகமூடியைக் கழற்றினார். வாங்கிய வசவுக்கு அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

எல்ராய் எழுந்தான். மூட்டு இரண்டும் முறிந்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது, இந்தத் தடவை கூட்டிச் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்த்தான், அவள் விரல் காட்டிய திசையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். தன்னைச் சொல்லவில்லை என்பது அவனுக்கு அப்போது விளங்கியது. அதை அவன் தோள்களில் பார்த்தேன். நேராக டிரக்குக்கு நடந்து போய் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். கன்னத்துப் புழுதியில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது, அதைத் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

அவள் ஹ்யூபர்ட்டை மறுபடி காட்டி, கோபமாக, கொஞ்சம் மெதுவாக, அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

"தெரியும்," என்றான் எல்ராய்.